ஒரு ஹெக்டரில் எத்தனை செம்பனை?

சிலாங்கூரில் தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டிப் பாலம் ஏறி இறங்கினால் கேரி தீவு. சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைதான். வண்டியில் போகும்போது கண்ணாடி வழியே மரங்களையே பார்த்துக்கொண்டு வாருங்கள். ஒரு நேரம் மரங்களுக்கு நடுவே நேராக ஒரு சந்து திறக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் வலப்பக்கம் சாய்வாக இன்னொன்று திறக்கும். இன்னும் சற்றுப் போனால் இடப்பக்கம் சாய்வாக மூன்றாவது. மூன்றும் ஒரே அகலம். சதுரம் சதுரமாக நட்ட காட்டில் இப்படி மூன்று திசையில் சம அகலச் சந்துகள் கிடைக்காது. இங்கே மரங்கள் முக்கோணமாக நடப்பட்டிருக்கின்றன.

இந்தத் தோட்டத்தை வைத்து ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு மரத்துக்கும் அதன் பக்கத்து மரத்துக்கும் இடையே 9 மீட்டர். எல்லா மரங்களும் சமபக்க முக்கோணமாக நிற்கின்றன. அப்படியானால் ஒரு ஹெக்டரில் எத்தனை மரம் நடலாம்?

எண்கள் கற்பனை இல்லை. மலேசியத் தோட்டங்களில் செம்பனைக்கு விடும் இடைவெளி ஏறக்குறைய 9 மீட்டர்தான். விடை 142 சொச்சம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணுக்குப் போகும் வழியில் ஆரம்பப்பள்ளிக் கணிதத்தின் பெரும்பகுதி வந்துவிடும்: கோணம், பரப்பளவு, பின்னம், வகுத்தல், விழுக்காடு எல்லாம். தேநீரை ஆற்றி வைத்துக்கொண்டு, ஒரு தாளும் பென்சிலும் அடிக்கோலும் கவராயமும் எடுத்துப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவசரமே வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகள் செய்வது

கேள்வியைப் படித்ததும் கை தானாக எழுதும். 9 × 9 = 81. ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர். 10,000 ÷ 81 = 123 சொச்சம். எனவே 123 மரம்.

இதில் பெருக்கல் சரி, வகுத்தலும் சரி. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பிள்ளை சதுரமாக நட்ட ஒரு தோட்டத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. கேள்வியில் இருந்த ‘சமபக்க முக்கோணம்’ என்ற சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது. வாய்ப்பாடு தெரியாததால் பிள்ளை தடுமாறுகிறது என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்தவரை, பிரச்சனைக் கணக்குகளில் விழும் பிழைகளில் பெரும்பாலானவை முதல் எண்ணை எழுதுவதற்கு முன்பே விழுந்துவிடுகின்றன.

இந்தப் பிழைகளைத் தவிர்க்கும் வழியைத்தான் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா ஒரு முறையாக வகுத்தார். 1887இல் புடாபெஸ்ட்டில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். கணக்கைத் தீர்ப்பது எப்படி என்று 1945இல் அவர் வெளியிட்ட சிறிய நூலில் நான்கு படிகள் சொன்னார்: கேள்வியைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய்துமுடி, திரும்பிப் பார். நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்திட்டமும் இந்த நான்கு படிகளைத்தான் பின்பற்றுகிறது. பிள்ளையின் பாடநூலைப் புரட்டினால் நீங்களே பார்க்கலாம். ஆனால் அவற்றை நான்கு தலைப்புகளாக மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒவ்வொரு படியும் ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிள்ளை வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். செம்பனைக் கணக்கை அப்படியே செய்து பார்ப்போம்.

முதல் படி: படம் போடு

“என்ன கொடுத்திருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர், சமபக்க முக்கோணம், நிலம் ஒரு ஹெக்டர். “என்ன கேட்கிறார்கள்?” மரங்களின் எண்ணிக்கை. இவ்வளவையும் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். பிறகு வரையட்டும்.

1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தாளின் அடியில் 9 சென்டிமீட்டர் கோடு. இரண்டு முனையும் இரண்டு மரம். கவராயத்தை 9 சென்டிமீட்டர் திறந்து, ஒரு முனையில் ஊன்றி ஒரு வில், அடுத்த முனையில் ஊன்றி இன்னொரு வில். இரண்டும் வெட்டும் புள்ளிதான் மூன்றாவது மரம். புதுத் தோட்டம் போடும்போது ஆட்கள் கம்பியையும் முளைக்குச்சியையும் வைத்து இடம் குறிப்பதும் இதே வேலைதான். ஊன்றிய இரண்டு குச்சியிலிருந்து ஒரே நீளக் கம்பியை இழுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது குச்சியை அடிப்பார்கள். பிள்ளையின் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் வேலை செய்தவராக இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவருக்கு இது தெரிந்திருக்கும்.

இரண்டாம் படி: நிரைக்கு நிரை எவ்வளவு?

இப்போது திட்டம். முழு நிலத்தையும் ஒரேயடியாகப் பிடிக்க முடியாது. அதனால் கேள்வியைச் சிறியதாக்குவோம்: ஒரு மரத்துக்கு எவ்வளவு நிலம்? அது தெரிந்தால் ஒரே ஒரு வகுத்தல்தான் பாக்கி.

மரங்கள் நிரை நிரையாக நிற்கின்றன. ஒரு நிரைக்குள் மரத்துக்கு மரம் 9 மீட்டர். ஆனால் ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் 9 மீட்டர் இல்லை. மேல் நிரையின் மரம் கீழே இருக்கும் இரண்டு மரங்களின் நடுவில் தள்ளி நிற்கிறது. ஆகவே நிரை இடைவெளி என்பது அந்த முக்கோணத்தின் உயரம். படத்தில் உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு நேராக ஒரு கோடு இறக்கி அளந்து பாருங்கள். 7.8 சென்டிமீட்டர் வரும். நிலத்தில் 7.8 மீட்டர்.

ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கு இந்த அளவு போதும். படிவம் ஒன்றுக்குப் போன அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால் பித்தகோரஸ் தேற்றத்தால் சரிபார்க்கச் சொல்லுங்கள். இறக்கிய கோடு அடியை 4.5 மீட்டர் வீதம் இரண்டாகப் பிரிக்கிறது. எனவே:

9 × 9 = 81
4.5 × 4.5 = 20.25
81 − 20.25 = 60.75

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 60.75 வரும்? 7 × 7 = 49, குறைவு. 8 × 8 = 64, கொஞ்சம் அதிகம். எனவே 8க்குச் சற்றுக் கீழே. 7.8 × 7.8 = 60.84. கிட்டத்தட்ட வந்துவிட்டோம். கால்குலேட்டரைத் தொடாமல் இப்படி மேலும் கீழும் நெருக்கிப் பிடிக்கும்போதுதான் வர்க்கமூலம் என்றால் என்னவென்று பிள்ளைக்கு விளங்கும்.

மூன்றாம் படி: ஒரு மரத்தின் பங்கு

ஒவ்வொரு நிரைக்கும் 7.8 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை நிலம் சொந்தம். அந்தப் பட்டையில் 9 மீட்டருக்கு ஒரு மரம். எனவே ஒரு மரத்தின் பங்கு 9 மீட்டர் நீளமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகம்:

9 × 7.8 = 70.2 சதுர மீட்டர்

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று குறுக்கே கேட்கும். “முக்கோணத்தின் பரப்பளவு அடி × உயரம் ÷ 2 தானே? 9 × 7.8 ÷ 2 = 35.1. ஒரு மரத்துக்கு 35.1 என்று வைத்தால் 285 மரம் வருகிறதே?” அப்படிக் கேட்டால் மகிழுங்கள். கேள்வி அருமையானது, அதற்கான பதில் இந்தக் கணக்கிலேயே அழகான இடம்.

ஒரு முக்கோணத்தின் மூன்று மூலையிலும் மரம் இருக்கிறது. அதற்காக மூன்று மரமும் அந்த முக்கோணத்துக்கே சொந்தம் ஆகிவிடாது. ஒரு மரத்தைச் சுற்றி எத்தனை முக்கோணம் கூடுகிறது என்று பாருங்கள். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 180 ÷ 3 = 60 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி மொத்தம் 360 பாகை. 360 ÷ 60 = 6. தோசையை நடுவிலிருந்து ஆறு துண்டாக வெட்டியதுபோல் ஆறு முக்கோணங்கள் ஒரே மரத்தில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்த மரத்தில் ஆறில் ஒரு பங்கு. முக்கோணத்துக்கு மூன்று மூலை. மூன்று முறை ஆறில் ஒன்று என்றால் அரை. ஆக, ஒரு முக்கோணம் அரை மரத்துக்கான நிலம். அரை மரத்துக்கு 35.1 என்றால் ஒரு மரத்துக்கு 70.2.

செவ்வக வழியில் வந்த அதே 70.2, பின்ன வழியிலும் வந்துவிட்டது. இப்போது பிள்ளை ஆசிரியரின் சிவப்பு மையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சரி என்று தானே சொல்லும்.

நான்காம் படி: செய்துமுடி, திரும்பிப் பார்

10,000 ÷ 70.2 = 142.45

சுமார் 142 மரம். எழுதியதும் பயிற்சிப் புத்தகத்தை மூடிவிடுவதுதான் வழக்கம். மூட விடாதீர்கள். போல்யாவின் நான்காம் படியைத்தான் நாம் எல்லோரும் தாண்டிப் போகிறோம்.

திரும்பிப் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஒரு ஹெக்டரை 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரமாக வையுங்கள். 100 ÷ 7.8 என்றால் ஏறக்குறைய 12.8 நிரை. ஒரு நிரையில் 100 ÷ 9 என்றால் ஏறக்குறைய 11.1 மரம். 12.8 × 11.1 = 142.08. விடை நிற்கிறது.

அடுத்து, நிலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம் வரை நடுவது வழக்கம். நம் விடை அதன் நடுவில் விழுகிறது. 1,420 என்றோ 14 என்றோ வந்திருந்தால் புள்ளி எங்கோ இடம் மாறிவிட்டது என்று அப்போதே தெரிந்திருக்கும். உண்மையான தோட்டத்தில் எண்ணிக்கை கொஞ்சம் குறையவும் செய்யும். கேரி தீவு தாழ்வான கடலோர நிலம். கடல்நீர் உள்ளே வராமல் கரை கட்டி, வாய்க்கால் வெட்டித்தான் அங்கே பயிர் செய்கிறார்கள். வாய்க்காலும் பாதையும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் மரம் நட முடியாது. காகிதத்து ஹெக்டருக்கும் தோட்டத்து ஹெக்டருக்கும் இருக்கும் இந்த வித்தியாசத்தையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

தாத்தா ஹெக்டரில் பேச மாட்டார், ஏக்கரில்தான் பேசுவார். ஒரு ஹெக்டர் 2.47 ஏக்கர். ஏக்கருக்கு எத்தனை மரம் என்று கேட்டால் பெருக்குவதா வகுப்பதா என்று பிள்ளை தயங்கும். அப்போது விதியைச் சொல்லாதீர்கள். “ஏக்கர் பெரியதா, ஹெக்டர் பெரியதா?” என்று மட்டும் கேளுங்கள். ஏக்கர் சிறியது, அதில் மரமும் குறைவாகத்தான் இருக்கும், எனவே வகுக்க வேண்டும். 142 ÷ 2.47 = 57 சொச்சம்.

ஏன் முக்கோணம்?

சதுரமாக நட்டால் 123, முக்கோணமாக நட்டால் 142. இரண்டிலும் மரத்துக்கு மரம் குறைந்தது 9 மீட்டர். வித்தியாசம் 19. 19 ÷ 123 = 0.154. ஏறக்குறைய 15 விழுக்காடு. ஒரே நிலத்தில், எந்த மரத்தையும் நெருக்காமல், நூறு மரம் நிற்கும் இடத்தில் 115 மரம் நிற்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் ஆறு அண்டை மரங்கள், ஆறும் ஒரே தூரத்தில். மட்டைகள் எல்லாப் பக்கமும் சமமாக விரிந்து வெயிலை வாங்கிக்கொள்ளும்.

சீரான வரிசைகளில் இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று பிரெஞ்சுக் கணித மேதை லாக்ரான்ஜ் 1773இல் நிறுவினார். அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. கேரி தீவோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் கைக்கு வந்து, அவர் பெயரையே பெற்று, பால்மரக்காடாக இருந்து பிறகு செம்பனைக்கு மாறியது. அங்கே நிரை பிடித்து மரம் நட்டவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு. பாடநூலில் இருக்கும் முக்கோணம் அவர்கள் கையால் நிலத்தில் ஊன்றப்பட்டது. இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வட்டத்தில் ஒரு பொறி

செம்பனையின் அடியைச் சுற்றிப் புல் வெட்டி வட்டமாகச் சுத்தம் செய்து வைப்பார்கள். உதிர்ந்த பழம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த வட்டத்தின் ஆரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவும் பரப்பளவும் என்ன?

சுற்றளவு = 2 × 3.14 × 2 = 12.56
பரப்பளவு = 3.14 × 2 × 2 = 12.56

இரண்டும் ஒரே எண்! பிள்ளை விழிக்கும். எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்று அழிரப்பரைத் தேடும். தப்பே இல்லை. ஒன்று 12.56 மீட்டர், மற்றது 12.56 சதுர மீட்டர். முதலாவது அந்த வட்டத்தைச் சுற்றிக் கயிறு போட எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது எவ்வளவு நிலத்தில் புல் வெட்ட வேண்டும் என்று சொல்கிறது. ஆரத்தை 3 மீட்டர் ஆக்கிப் பாருங்கள்: சுற்றளவு 18.84 மீட்டர், பரப்பளவு 28.26 சதுர மீட்டர். எண்கள் பிரிந்துவிட்டன. விடையோடு அலகை எழுது என்று ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தமிழில் காரிநாயனார் செய்த கணக்கதிகாரம் என்ற பழைய கணித நூலில் வட்டத்தின் பரப்பளவைக் காண ஒரு வழி உண்டு. வட்டத்தின் சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். நம் வட்டத்தில் போட்டுப் பாருங்கள். சுற்றளவில் பாதி 6.28, விட்டத்தில் பாதி 2. பெருக்கினால் 12.56. பாடநூல் வாய்ப்பாடும் பழைய தமிழ் வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஒரு விடையை இரண்டு வழியில் பிடிக்கும் பழக்கம் நம் முன்னோர் ஏட்டிலேயே கைக்கு எட்டும்படி இருக்கிறது.

எழுதும் ஒழுங்கு

பிள்ளைகளின் புத்தகத்தில் அடிக்கடி காணும் ஒரு வரி இது:

9 × 7.8 = 70.2 ÷ 2 = 35.1

மனத்தில் ஓடியது சரி, தாளில் இருப்பது பொய். 9 × 7.8 ஒருபோதும் 35.1 ஆகாது. சமக்குறியின் இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். ‘அடுத்து என்ன’ என்று காட்டும் அம்புபோல் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு வரிக்கு ஒரு செய்கை. அடுத்த செய்கை அடுத்த வரியில். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும். இப்படி எழுதும் பிள்ளைக்குத் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க முடியும். தேர்விலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. கடைசி எண் பிசகினாலும் சரியான படிகளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும்.

விழுக்காட்டிலும் இதே நிதானம் வேண்டும். ஆலைக்குப் போகும் பழக்குலையில் சுமார் 20 விழுக்காடு எண்ணெயாகிறது. ஒரு லாரியில் 8 டன் குலை என்றால் எண்ணெய் எவ்வளவு? பத்து விழுக்காடு 0.8 டன். இருபது என்றால் அதைப்போல் இரு மடங்கு, 1.6 டன். கணக்கைத் தொடங்கும் முன்பே “விடை 8ஐவிடக் கூடுமா, குறையுமா?” என்று கேட்டுவிட்டால், 160 டன் எண்ணெய் என்று எந்தப் பிள்ளையும் எழுதாது.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் அகற்றப்பட்ட பிறகு, கணிதத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பல பெற்றோருக்குப் புரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைக்கு மொழியும் மாறுகிறது. சொற்கள் மாறினாலும் முக்கோணத்தின் படம் மாறாது. படம் போட்டு, படிப்படியாக எழுதி, திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைத் தமிழில் பெற்ற பிள்ளை எந்த மொழியில் கேள்வி வந்தாலும் தாக்குப்பிடிக்கும்.

அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “விடை என்ன?” என்று கேட்பதைக் குறைத்து, “சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். நாளுக்கு இருபது கணக்குப் போடச் சொல்லிப் பிள்ளையை விரட்ட வேண்டாம். ஒரே ஒரு கணக்குப் போதும். அதை இரண்டு வழியில் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணிதம் வராது என்றாலும் கவலையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதற்கு எந்த வாய்ப்பாடும் தெரிந்திருக்கத் தேவையில்லை.